லேபர் காண்ட்ராக்டிலிருந்து மெட்டீரியலோடு எடுக்கும் வேலைக்கு மாறும்போது: ஜிஎஸ்டி, டிடிஎஸ், அரசுப் பதிவு

தூக்குகுண்டு:
வணக்கம். தமிழ்நாட்டில் தனி வீடுகளுக்கு லேபர் மட்டும் எடுக்கும் கட்டட ஒப்பந்ததாரர்கள் பலர் இப்போது மெட்டீரியலோடு சதுர அடி ரேட்டுக்கு மாறுகிறார்கள். கூடவே ஊராட்சி ஒன்றியம், நகராட்சி டெண்டர்களும் போடுகிறார்கள். மாறும் அந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. லேபர் வேலைக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது எதுவரை செல்லும்? ஆண்டுக்கு 50 லட்சத்துக்குள் வேலை பார்க்கிறவருக்கு ஜிஎஸ்டியில் காம்போசிஷன் (விற்றுமுதலில் 6 சதவீதம் கட்டிவிடும் எளிய முறை) லாபமா, ரெகுலர் (18 சதவீதம் வசூலித்து, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழிக்கும் வழக்கமான முறை) லாபமா? அரசு பில்லில் என்னென்ன பிடிப்பார்கள், அதில் எது திரும்ப வரும்? பதிவுக்கு எந்தக் காகிதம் முதலில் தயாராக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு எழுதுங்கள். நாளைக்கு இன்னொருவர் தேடி வந்தாலும் உதவும்.

ரசமட்டம்:
லேபர் விலக்கில் ஆரம்பிக்கிறேன். அங்கேதான் நிறையப் பேர் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள், தாண்டியது தெரியாமலே.

விலக்கு தருவது 2017-ம் ஆண்டின் 12-ம் எண் அறிவிக்கை. அதன்படி மூன்று விஷயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். வேலை வெறும் லேபராக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டும் வேலையாக இருக்க வேண்டும். அது ஒரே ஒரு குடும்பம் வாழும் தனி வீடாக இருக்க வேண்டும், குடியிருப்புத் தொகுப்பின் பகுதியாக இருக்கக் கூடாது. இதில் ஒன்று விலகினாலும் 18 சதவீதம்.

நம் ஊரில் வழக்கமாகக் கட்டுவது கீழே உரிமையாளர், மேலே வாடகைக்கு. மாடிக்குத் தனிச் சமையலறை, தனிப் படிக்கட்டு, தனி இ.பி. மீட்டர். அறிவிக்கை, ஒன்றுக்கு மேற்பட்ட தனிக் குடியிருப்பு உள்ள கட்டடத்தையே 'தொகுப்பு' என்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த வீட்டின் லேபர் தொகைக்கு விலக்கு கிடையாது. அதே பரப்பில், உள்ளே படிக்கட்டு வைத்து ஒரே குடும்பம் இரண்டு தளத்திலும் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே ஒப்பந்தம் எழுதும் முன் அனுமதி வரைபடத்தில் எத்தனை குடியிருப்பு காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பின்னாளில் அதிகாரி கேட்பது அந்த வரைபடத்தைத்தான்.

பழைய வீட்டை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்குவது, மறுபூச்சு, தளம் ஒழுகலுக்குத் தட்டோடு மாற்றுவது எல்லாம் பழுதுபார்ப்பு. லேபர் மட்டுமே என்றாலும் வரி உண்டு. கீழே கடை, மேலே வீடு என்றாலும் விலக்கை நம்ப வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
ரசமட்டம் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். 40 லட்சம் என்று பேசுவது பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு. மெட்டீரியலோடு கட்டிக் கொடுப்பது சட்டப்படி சேவைதான், சிமெண்டும் கம்பியும் சேர்ந்திருந்தாலும்.

அந்த 20 லட்சத்தைக் கணக்கிடும்போது விலக்கு பெற்ற வேலையும் சேரும். லேபர் விலக்கில் 18 லட்சம், பழுது வேலையில் 3 லட்சம் என்றால் மொத்தம் 21 லட்சம், பதிவு கட்டாயம். வரி பழுது வேலைக்கு மட்டும். வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முழுக்க முழுக்க விலக்கு பெற்ற வேலை மட்டும் என்றால் எவ்வளவு தொகையானாலும் பதிவு தேவையில்லை.

சென்ட்ரிங் பற்றிக் கேட்பார்கள். பலகை, முட்டு, மிக்சர் எல்லாம் வேலை முடிந்ததும் திரும்பிப் போகும் சாமான்கள், கட்டடத்தில் சேர்வதில்லை. சதுர அடி லேபர் ரேட்டுக்குள் அடங்கியிருந்தால் லேபர் வேலையாகவே பேசலாம். பில்லில் 'சென்ட்ரிங் வாடகை' என்று தனி வரி எழுதினால் அது வாடகைச் சேவை, 18 சதவீதம். கட்டுக்கம்பி, ஆணி, கவர் பிளாக் எல்லாம் மெட்டீரியல், உங்கள் பில்லில் சேர்ந்தால் வெறும் லேபர் என்று சொல்ல முடியாது; அவற்றை உரிமையாளர் பெயரிலேயே பில் போட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எம்_புக்:
அரசு வேலைக்கான ஜிஎஸ்டி விகிதத்தில் பழைய தகவல்கள் இன்னும் சுற்றுகின்றன. 12 சதவீதம் என்பது 2022 ஜூலை 17-ஓடு முடிந்தது. மறுநாள் முதல் அரசுத் துறை, உள்ளாட்சி வேலைகளுக்கும் 18 சதவீதம். ஏரி தூர்வாருவது, வாய்க்கால் கரை போடுவது போல மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் மண்வேலையாக இருந்தால் 12 என்று விட்டுவைத்திருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18. அதே தேதியில் சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. அதற்கு முன் தயாரித்த எஸ்டிமேட்டை வைத்து ஏலம் வந்தால், டேட்டாவில் (எஸ்டிமேட்டின் விலைக் கணக்கில்) சிமெண்ட் விலை எந்த வரியோடு நிற்கிறது என்று பார்த்துவிட்டு ரேட் போடுங்கள்.

இதைவிட முக்கியம் டெண்டர் ஆவணத்தில் வரும் ஒரு வாக்கியம்: ரேட் வரி உட்பட்டதா, வரி நீங்கலாகவா? 10 லட்சம் என்று கோட் செய்கிறீர்கள். வரி நீங்கலாக என்றால் பில் 11,80,000. வரி உட்பட என்றால் உங்கள் வேலையின் மதிப்பு 8,47,458 ரூபாய், வரி 1,52,542. ஒன்றரை லட்சம் அந்த ஒரு வரியில் நிற்கிறது. ஒரே அலுவலகத்தில்கூட ஒரு திட்டத்துக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தையும் சிறப்பு நிபந்தனைகளையும் சேர்த்துப் படியுங்கள். முரண்பட்டால் ஏலத்துக்கு முன்பே எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

தூக்குகுண்டு:
நன்றி எம்_புக் அண்ணே. காம்போசிஷன் பற்றி யாராவது கணக்கோடு சொல்லுங்கள். 6 சதவீதம் கட்டினால் போதும் என்றதும் எல்லோரும் அதில் விழுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
வீட்டு உரிமையாளருக்குக் கட்டும் வேலையில் அது நிஜமாகவே லாபம்தான். உள்ளீட்டு வரி (வாங்கியதில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாதவர் அவர், கட்டும் 18 சதவீதமும் அவருக்குச் செலவு.

வரி இல்லாமல் ஒப்பந்ததாரருக்கு 40 லட்சம் வர வேண்டிய வேலை என்று வையுங்கள். மெட்டீரியல் வாங்கியதில் கட்டிய ஜிஎஸ்டி 3 லட்சம். ரெகுலர் என்றால் உரிமையாளர் தருவது 47,20,000. அதில் 7,20,000 வரி, 3 லட்சத்தைக் கழித்து மீதி 4,20,000 அரசுக்குப் போகும். காம்போசிஷன் என்றால் 3 லட்சம் திரும்பாது, மொத்தத்தில் 6 சதவீதம் கைப்பணமாகக் கட்ட வேண்டும். கையில் 40 லட்சம் நிற்க, 43 லட்சத்தை 0.94-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 45,74,000. உரிமையாளருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். போட்டியில் ரேட் குறைத்துக் காட்ட இது போதும்.

நிபந்தனைகள்: முந்தைய ஆண்டு மொத்த விற்றுமுதல் 50 லட்சத்துக்குள். நடப்பு ஆண்டில் 50 லட்சத்தைத் தாண்டும் நாளே வெளியே. பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, வரி விலைப்பட்டியல் போடக் கூடாது, 'சப்ளை பில்' மட்டும். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-க்குள் வரி கட்டும் படிவம் சிஎம்பி-08, ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் 30-க்குள் ஆண்டுக் கணக்குப் படிவம் ஜிஎஸ்டிஆர்-4. ஏற்கெனவே ரெகுலரில் இருப்பவர் மாற வேண்டுமென்றால் நிதியாண்டு தொடங்கும் முன், மார்ச் 31-க்குள் சிஎம்பி-02 படிவத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும்.

எம்_புக்:
கணக்கு சரி, ஆனால் கேள்வி கேட்டவர் அரசு டெண்டரும் போடப் போகிறார். அங்கே காம்போசிஷன் கழுத்தை நெரிக்கும். எஸ்டிமேட்டில் 18 சதவீதம் தனியாக வைத்திருப்பார்கள். காம்போசிஷன்காரர் அதை வாங்கவே முடியாது. அடிப்படைத் தொகை மட்டும் கைக்கு வரும், அதிலிருந்து 6 சதவீதம் கட்ட வேண்டும், சிமெண்ட், கம்பியில் கட்டிய வரியும் போச்சு. பெரிய ஒப்பந்ததாரரிடம் சப் காண்ட்ராக்ட் எடுப்பவருக்கும் இதே கதி. மேலே இருப்பவர் உள்ளீட்டு வரி கிடைக்காத ஆளுக்கு வேலை தர யோசிப்பார், அல்லது அந்த அளவு ரேட்டில் குறைப்பார்.

ரசமட்டம்:
இன்னும் இரண்டு பொறிகள் காம்போசிஷனில்.

முதலாவது, பேசப்படாதது. சேவை தருபவருக்கான இந்த 6 சதவீதம் மொத்த விற்றுமுதலுக்கு. விலக்கு பெற்ற லேபர் வேலையும் அதற்குள் வந்துவிடும். ஆண்டுக்கு 25 லட்சம் தனி வீட்டு லேபர், 15 லட்சம் மெட்டீரியல் வேலை பார்ப்பவர் காம்போசிஷனில் போனால் 40 லட்சத்துக்கும் 6 சதவீதம், 2,40,000. ரெகுலரில் இருந்தால் 15 லட்சத்துக்கு 18 சதவீதம், 2,70,000, அதிலும் மெட்டீரியல் வரியைக் கழித்துக்கொள்ளலாம், உரிமையாளரிடம் வசூலிக்கவும் செய்யலாம். ஆகவே லேபர் வேலை அதிகமாக இருக்கும்வரை காம்போசிஷன் பக்கம் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 6 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இரண்டாவது, மாநில எல்லை. கட்டட வேலைக்கு வரி போகும் இடம் கட்டடம் நிற்கும் இடம். கடலூர், விழுப்புரத்துக்காரர் புதுச்சேரியில் ஒரு வீடு எடுத்தால் அது மாநிலம் கடந்த சேவை, ஐஜிஎஸ்டி. காம்போசிஷனில் இருப்பவருக்கு அதற்கு இடமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
ஏற்றுக்கொள்கிறேன் சார். மெட்டீரியலோடு தனியார் வீடு மட்டும், ஒரே மாநிலம், 50 லட்சத்துக்குள் என்பவருக்கு மட்டும் காம்போசிஷன். தூக்குகுண்டு சொல்லும் ஆளுக்கு ரெகுலர்தான்.

ரெகுலரில் உள்ளீட்டு வரிக்கு மூன்று கவனம். கடைக்காரர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ல் ஏற்றி, போர்ட்டலில் உங்கள் உள்ளீட்டு வரிப் பட்டியலான 2பி-யில் வந்தால்தான் எடுக்கலாம். செங்கல், ஜல்லி, எம்-சாண்டில் பில் இல்லாமல் இறக்குவது வழக்கம், அந்த வரி போனது போனதுதான். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கடைக்காரருக்குப் பணம் தராவிட்டால் எடுத்த வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். அரசுப் பணம் தாமதமாகும் ஊரில் இது நிஜமான தலைவலி. மூன்றாவது, விட்டுப்போன பில்லை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரைதான் எடுக்க முடியும்.

தூக்குகுண்டு:
அரசு பில்லில் பிடித்தம் எப்படி வரும் என்று யாராவது ஒரு பில்லை எடுத்துப் பிரித்துக் காட்ட முடியுமா?

எம்_புக்:
வரி நீங்கலாக 10 லட்சம் வேலை, தனிநபர் ஒப்பந்ததாரர்.

பில் மொத்தம் 11,80,000. வருமான வரி டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) தனிநபருக்கு 1 சதவீதம், 10,000. கூட்டு நிறுவனம், கம்பெனி என்றால் 2 சதவீதம். ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம், 20,000. ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் இது உண்டு. நிறுத்திவைப்பு (வேலையில் குறை வராததைப் பார்த்துப் பின்னர் தரும் தொகை) 5 சதவீதம் என்று வைத்தால் 50,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 10,000. கைக்கு 10,90,000.

இந்த இரண்டு டிடிஎஸ்ஸும் ஜிஎஸ்டி நீங்கலான தொகைக்குத்தான். 11,80,000-க்குப் பிடித்திருந்தால் பிரிவு எழுத்தரிடம் சொல்லித் திருத்துங்கள், பில் பாஸ் ஆகும் முன்பே.

நல நிதிக்கு எஸ்டிமேட்டின் சுருக்கத் தாளில் தனி வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உங்கள் ரேட்டில் சேராது. இல்லாவிட்டால் ரேட்டில் ஒரு சதவீதம் நீங்கள் சேர்க்க வேண்டும்.

இனி வரி கட்டும் பக்கம். சிமெண்ட் 2,50,000, கம்பி 2,00,000, இரண்டும் 18-ல் 81,000. ஜல்லி, எம்-சாண்ட் 1,50,000-க்கு 5-ல் 7,500. உள்ளீடு 88,500. வெளியீடு 1,80,000. வித்தியாசம் 91,500. அதில் ஜிஎஸ்டி டிடிஎஸ் 20,000 கழித்து 71,500 ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

50,000 நிறுத்தி வைத்திருந்தாலும் வரி முழு 10 லட்சத்துக்கும் கட்டுகிறீர்கள். ரேட் போடும்போது இந்தப் பண முடக்கத்துக்கு இடம் விடாதவர்கள்தான் மூன்றாவது பில்லில் கடன் வாங்குகிறார்கள்.

இன்னொரு பிடித்தம் கனிமக் கட்டணம். ஜல்லி, கிராவல், மண் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்பதற்கு நடைச்சீட்டு கொடுக்காவிட்டால் எம்-புக்கில் (வேலை அளவுப் புத்தகத்தில்) உள்ள அளவுக்குக் கணக்குப் போட்டு பில்லில் கழித்துவிடுவார்கள். லாரிக்காரர் ஒரே சீட்டில் இரண்டு நடை அடித்தால் அளவு உதைக்கும். லோடு இறங்கும்போதே சீட்டில் வண்டி எண், தேதி, அளவு பார்த்து வாங்கி, வேலை வாரியாகக் கோப்பில் போடுங்கள்.

மட்டப்பலகை:
தொழிலாளர் பக்கம் நான் சொல்கிறேன். 20 பேர் ஆனால் பி.எஃப்., 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. பி.எஃப்.-ல் தொழிலாளியிடம் 12 சதவீதம். முதலாளி பங்கு 12, அதோடு காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் அரை அரை சதவீதம், ஆக 13. இ.எஸ்.ஐ. முதலாளி 3.25, தொழிலாளி 0.75, மாதச் சம்பளம் 21,000 வரை. கட்டட சைட் தொழிலாளர்களையும் இ.எஸ்.ஐ. 2015 ஆகஸ்டிலிருந்து சேர்த்திருக்கிறது. 'கட்டட வேலைக்கு இ.எஸ்.ஐ. கிடையாது' என்பது பழைய பேச்சு.

சப் காண்ட்ராக்டர் ஆளுக்குப் பணம் கட்டாவிட்டால் மேலே இருப்பவரிடம் வசூலிப்பார்கள். கம்பி கட்டும் குழு, பூச்சுக் குழு என்று பிரித்துக் கொடுக்கும்போது அவர்களின் சலான் நகல் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

வரம்புக்குக் கீழே இருந்தாலும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்று எடுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் பொறுப்பு ஒப்பந்ததாரருக்குத்தான், பி.எஃப். எண் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பாலிசியில் ஆள் எண்ணிக்கையும் வேலைத்தன்மையும் உண்மையாக எழுத வேண்டும். கொத்தனார் என்று மட்டும் எழுதி, விழுந்தவர் சித்தாள் என்றால் வாதம் கிளம்பும். சித்தாள் பெண்களின் பெயரைப் பட்டியலில் விடுவது நம் தொழிலின் கெட்ட வழக்கம். அது நிற்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் 18 வயது முதல் 60 வரை உள்ள எல்லோரையும் பதிவு செய்ய வையுங்கள்.

எம்_புக்:
மட்டப்பலகை சொன்ன அந்தக் கடைசி விஷயத்தை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

இப்போது பதிவு. தனியாருக்கு வீடு கட்ட ஒப்பந்ததாரர் உரிமம் என்று மாநில அளவில் ஒன்று கிடையாது. அனுமதி வரைபடத்தில் கையெழுத்திட உள்ளாட்சியிலோ திட்டக் குழுமத்திலோ பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வேண்டும். வயரிங் மட்டும் விதிவிலக்கு: மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்து சோதனை அறிக்கை தர வேண்டும். முழு வீட்டையும் சதுர அடி ரேட்டில் எடுப்பவர் இதை மறந்துவிடுகிறார்கள், நிரந்தர இணைப்பு கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

அரசுக்கு பொதுப்பணித் துறையில் முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. புதியவர் அடி வகுப்பில் தொடங்கி, முடித்த வேலையின் மதிப்பைக் காட்டி ஏற வேண்டும். நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, மாநகராட்சி ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு.

காகிதங்களில் அதிக நாள் எடுப்பது சால்வன்சி, அதாவது சொத்து மதிப்பைக் காட்டும் சான்று. வட்டாட்சியர் தருவது, ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே மற்றதெல்லாம் கையில் வந்த பிறகு கடைசியாக எடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் விண்ணப்பத்தை முதலிலேயே போடச் சொல்வேன். வில்லங்கச் சான்று, பட்டா, மதிப்பீடு என்று சுற்றும்போது பத்திரத்தில் ஒரு பெயர்ப் பிழை இருந்தாலே மாதக்கணக்கில் இழுக்கும். வங்கியில் அடமானம் உள்ள சொத்தைக் காட்ட வேண்டாம்.

அனுபவச் சான்றுக்கு தனியார் வேலை காட்டினால் அதற்கு டிடிஎஸ் பிடித்த சான்று கேட்பார்கள். ரொக்கத்தில் கட்டிய எத்தனை வீடு இருந்தாலும் காகிதத்தில் பூஜ்யம். பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, பதிவுச் சான்று, டிஜிட்டல் கையொப்பம் ஐந்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறினால்கூடத் தொழில்நுட்ப உறையிலேயே, விலையைத் திறக்கும் முன்பே, தள்ளிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை:
வருமான வரியை நான் முடிக்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், ஒப்பந்தத் தொகையில் டிடிஎஸ் பிடிக்கச் சொல்லும் பழைய 194சி பிரிவு இப்போது 393-ம் பிரிவுக்குள். ஒரு பில் 30,000-ஐ அல்லது ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் பிடித்தம். பான் தராவிட்டால் 20 சதவீதம்.

வீட்டு உரிமையாளர் தனிநபர் என்றால் ஒரு ஆண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கும்போது 2 சதவீதம் பிடிக்க வேண்டும், அவருக்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) தேவையில்லை. ஒப்பந்ததாரரின் முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் அவரே சப் காண்ட்ராக்டருக்குப் பிடித்து அடுத்த மாதம் 7-க்குள் கட்ட வேண்டும்.

உத்தேச லாபத் திட்டம் (விற்றுமுதலில் ஒரு சதவீதத்தையே லாபமாக வைத்து அதற்கு வரி கட்டுவது) 2 கோடி விற்றுமுதல் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி வரை. வங்கி வழி வந்ததற்கு லாபம் 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8. அரசு வேலை முழுக்க வங்கி வழி என்பதால் 6. ஒருமுறை எடுத்துவிட்டு இடையில் குறைந்த லாபம் காட்டி வெளியே வந்தால் ஐந்து ஆண்டுக்குத் திரும்ப முடியாது. முன்வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

தூக்குகுண்டு:
பெரிய உதவி. கடைசியாக ஒன்று. ஜிஎஸ்டி டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள ரொக்கப் பேரேட்டில் வரவில்லை என்று பல இடங்களில் புகார். ஏன்?

ரசமட்டம்:
பெரும்பாலும் இரண்டே காரணம். அலுவலகம் மறு மாதம் 10-க்குள் ஜிஎஸ்டிஆர்-7, அதாவது டிடிஎஸ் கணக்குப் படிவம், தாக்கல் செய்திருக்காது. அல்லது செய்திருக்கும், நீங்கள் ஏற்றிருக்க மாட்டீர்கள். போர்ட்டலில் 'டிடிஎஸ், டிசிஎஸ் வரவு' என்ற படிவம் இருக்கிறது, அதைத் திறந்து ஒவ்வொரு வரியையும் ஏற்றுத் தாக்கல் செய்தால்தான் பணம் பேரேட்டுக்கு வரும், தானாக வராது. தொகை தவறு என்றால் 'நிராகரி' கொடுங்கள், அது அலுவலகத்துக்குத் திருத்தத் திரும்பும். உங்கள் ஜிஎஸ்டி எண்ணையே தவறாக ஏற்றியிருந்தால் உங்கள் பக்கம் எதுவும் தெரியாது. அப்போது பில் நகல், வவுச்சர் எண், தேதியோடு பணம் வழங்கிய அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். பணம் வரும் மாதமே சரிபாருங்கள். நிதியாண்டு கடந்து, எழுத்தர் மாற்றலாகிப் போனபின் அந்த வவுச்சரைத் தேடி எடுப்பது மிகக் கடினம்.